ஆ லானின் மருந்துச் சக்கை

ஜூலை 1, திங்கள்

முப்பத்து மூன்றில் ஒன்று முடிந்தது.

ஐந்தரைக்கு எழுந்தேன். விளக்கேற்றி, அவருக்கு லேகியம் கொடுத்து, கஞ்சியை வடித்து பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு ஏழு மணி ஃபெர்ரியைப் பிடித்தோம். கடல் அமைதியாக இருந்தது. 

தீவிலுள்ள ஆஸ்பத்திரியில் ஒரு பதிவுப் பாரத்தை நீட்டினார்கள். வீராசாமி, வயது அறுபத்தாறு, துறைமுக லாரி ஓட்டுநர், ஓய்வு. நோய், தொண்டையில் கட்டி. உடன் வருபவர், மனைவி தனபாக்கியம், அதாவது நான், நில அலுவலகக் கோப்புப் பிரிவு, ஓய்வு. பாரத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள் இருந்தன. திருத்திக் கொடுத்தேன். நர்ஸ் மிஸ்ஸிக்குப் பிடிக்கவில்லை.

கதிர் சிகிச்சை, இங்கே எல்லாரும் கரண்டு வைப்பது என்கிறார்கள், மொத்தம் முப்பத்து மூன்று நாள். உள்ளே அவர் முகத்தின் மேல் வலை போன்ற முகமூடியை வைத்து மேசையோடு சேர்த்துத் திருகிவிடுகிறார்களாம். தலையை அசைக்க முடியாது. பத்தே நிமிடம்தான், ஒன்றும் தெரியவில்லை என்றார். ஒன்றும் தெரியாமல் ஒரு காரியம் நடக்கிறது என்றால் அதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

தினமும் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், எடை எவ்வளவு, வலி எவ்வளவு என்று எழுதிவர மிஸ்ஸி ஒரு நோட்டுக் கொடுத்தாள். அதில் அதை எழுதுகிறேன். மற்றது இந்த நோட்டில்.

ஜூலை 3, புதன்

அடுத்த வீட்டு ஆ லான் வேலிக்கு மேலே ஒரு பிளாஸ்க்கை நீட்டினாள்.

“அண்ணி, இத அண்ணனுக்குக் குடுங்க. கரண்டு வெச்சா ஒடம்பு காஞ்சு போவும். எச்சி வத்திரும், வாயெல்லாம் புண்ணாப் போவும். இது குளிர்ச்சி. எங்க வீட்டு ஆளுக்குக் கரண்டு வெச்சப்ப தெனமும் இதான் காச்சிக் குடுத்தேன்.”

அவள் பிறந்து வளர்ந்தது புக்கிட் செராய் தோட்டம். அவள் அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்த சீனர். என் வீட்டுக்காரர் பிறந்ததும் அதே எஸ்டேட் தோட்டம், தொழிலாளர் வரிசையில் ஆறாம் நம்பர் லயம். அதனால் அவள் தமிழ் என் தமிழைவிட நன்றாக இருக்கும். பட்டர்வொர்த்தில் பிறந்து அலுவலகத்தில் மலாய் பேசி வயதான என்னிடம் ஒரு சீனப் பெண் தோட்டத்துத் தமிழ் பேசுவதும், என்னை அண்ணி என்று கூப்பிடுவதும் எனக்கு இன்றுவரை பழகவில்லை. நான்கு வருடமாக அடுத்த வீடு. இந்தத் தாமான் குடியிருப்பில் எத்தனையோ வீடு காலியாக இருந்தபோது ஏன் எங்கள் பக்கத்து வீட்டையே வாங்கினாள் என்பதும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

“ஒன் வீட்டு ஆளு அப்பறம் எத்தன வருசம் இருந்தாரு?” என்று கேட்டேன்.

“ஆறு வருசம் அண்ணி. நல்லாத்தான் இருந்தாரு. அப்பறம் நெஞ்சு வலி வந்திருச்சி.”

நோயில் போகவில்லை, நெஞ்சு வலியில் போனார். அந்த நெஞ்சு வலி எதனால் வந்தது என்று யார் பார்த்தார்கள்?

மூடியைத் திறந்து முகர்ந்தேன். மழையில் நனைந்த பலகை வாசம், அதன் மேல் கொஞ்சம் இனிப்பு. ஆஸ்பத்திரியில் வேறு எந்த மருந்தும் தரக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் செம்பருத்தி வேரில் ஊற்றிவிட்டு, பிளாஸ்க்கை வெந்நீரில் கழுவி மாலையில் திருப்பிக் கொடுத்தேன்.

“குடிச்சாரா அண்ணி?”

“குடிச்சாரு.”

ஜூலை 5, வெள்ளி

எடை 61.4. பிளாஸ்க் மூன்று நாளாக வருகிறது. செம்பருத்தி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

காலையில் கேட்டைத் திறந்தால் எங்கள் வாசலுக்கு நேரே, நடுரோட்டில் ஏதோ கொட்டிக் கிடந்தது. சாக்கடை ஓரத்தில் இல்லை, குப்பைத் தொட்டியில் இல்லை, நடுரோட்டில். குனிந்து பார்த்தேன். சீவிய மரத்துண்டு போல மஞ்சளாகப் பட்டை பட்டையாக, ஊறிப்போன சிவப்புப் பேரீச்சை, விரல் நீள வேர்கள், நூல் போல ஏதோ. இன்னும் ஆவி வந்தது, பிளாஸ்க்கில் வரும் அதே நனைந்த பலகை வாசம்.

ஆ லான் தன் சமையலறைக் குப்பையை என் வாசலில் கொட்டுகிறாளா? அவள் வாசலில் ஒரு துண்டுகூட இல்லை. அவள் வீட்டுச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தக்காரி. அப்படியென்றால் இது தெரிந்தே செய்வது.

நான் முப்பத்தோரு வருடம் அரசாங்கத்தில் வேலை பார்த்தவள். செய்வினை, கழிப்பு என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை. இருந்தாலும் கூட்டி அள்ளிவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மஞ்சள் தண்ணீர் கிருமிக்கும் நல்லதுதானே.

ஜூலை 9, செவ்வாய்

இன்றும். அதே இடம், அதே வேர். கூட்டினேன்.

ஜூலை 12, வெள்ளி

பத்து முடிந்தது. வாயில் புண் வந்துவிட்டது. கஞ்சி உள்ளே போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். தண்ணீர்கூட மண் மாதிரி இருக்கிறதாம். டாக்டர் அஸ்லினா வாய் கொப்பளிக்க ஒரு நீர் கொடுத்தார். நல்ல பெண்தான், ஆனால் மிகவும் வேகமாகப் பேசுகிறார். வேகமாகப் பேசுபவர்கள் எதையோ தாண்டிப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

என் அண்ணன் சுகுமாறன் போன் செய்தார். லேகியம் தீரும் முன்னே சொல், இன்னொரு புட்டி இருக்கிறது என்றார். தமிழ்நாட்டுக்கு, ஊருக்குப் போயிருந்தபோது யாரோ சொல்லி அலைந்து திரிந்து வாங்கிவந்தது. புண்ணுக்கு நல்லது என்று இரண்டு வேளையாக்கிவிட்டேன். தேனில் குழைத்தால் எரியாமல் இறங்குகிறது.

மிஸ்ஸி கொடுத்த நோட்டில் நான் எழுதியது: கஞ்சி இரண்டு வேளை, சூப் அரைக் கோப்பை, ஹார்லிக்ஸ் ஒரு வேளை.

ஜூலை 15, திங்கள்

இனிமேல் கூட்டி வீசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆதாரம் இல்லாமல் பேசினால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பழுப்பு உறைகள் ஒரு கட்டு இருந்தது. இன்றைய சக்கையை வெயிலில் காயவைத்து உறையில் போட்டு, மேலே தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டினேன். உறை எண் 1.

மகள் சிங்கப்பூரிலிருந்து பேசியபோது சொன்னேன். சிரித்தாள். “அம்மா, நீங்க இன்னும் ஆபீஸ்லதான் இருக்கீங்களா?” என்றாள். இவளிடம் இனி எதையும் சொல்லப்போவதில்லை.

ஜூலை 18, வியாழன்

உறை எண் 4.

அவருக்குக் குரல் போய்விட்டது. ஒரு சிறு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் எழுதுவதெல்லாம் “தண்ணி”, “வலி”, “ஃபேன்”. மாலையில் வேலியோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆ லான் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, தோட்டத்துக் கணக்கு பார்த்த பெரிய கிராணி வேலியேறிக் குதித்து வேட்டி கிழிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். பலகையில் எதையோ எழுதிக் காட்டினார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் துடைத்துவிட்டார்.

என் மனம் எரிந்தது. எழுதினால் எழுதிவிட்டுப் போகிறேன், இதை யார் படிக்கப்போகிறார்கள். முப்பத்தெட்டு வருடம் அவரோடு இருந்திருக்கிறேன், அந்தத் தோட்டத்துக்குள் என்னை ஒருநாளும் அவர் கூட்டிப்போனதில்லை.

அவள் வீட்டுக்குள் போய் அந்தக் கஷாயத்தை நேராகவே வாங்கிக் குடிக்கிறாரோ? நான் பாசாருக்குக் காய் வாங்கப் போகும் நேரம் அவருக்குத் தெரியும். இல்லாவிட்டால் அவள் ஏன் இவ்வளவு ஊக்கமாகக் காய்ச்சுகிறாள்?

ஜூலை 21, ஞாயிறு

அவர் கண்ணின் வெள்ளை லேசாக மஞ்சளாகத் தெரிகிறது. வரவேற்பறை விளக்கு பழையது, எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று எழுதினார். கரண்டுச் சூடாக இருக்கும். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

உறை எண் 7.

ஜூலை 23, செவ்வாய்

பதினேழாவது. ஃபெர்ரியில் இரண்டு முறை வாந்தி. கைக்குட்டை, என் சேலைத் தலைப்பு எல்லாம் போயிற்று. பக்கத்திலிருந்த ஒரு மலாய்ப் பையன் எழுந்து இடம் கொடுத்துத் தண்ணீரும் கொடுத்தான். தண்ணீர் மூடி முன்பே திறந்திருந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

உறை எண் 9.

ஜூலை 24, புதன்

கரண்டை நிறுத்திவிட்டார்கள். வார்டில் படுக்கவைத்துவிட்டார்கள்.

ஈரல் கெட்டிருக்கிறதாம். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் முந்நூற்றுப் பத்தில் நிற்கிறது. டாக்டர் அஸ்லினா இன்று மெதுவாகத்தான் பேசினார். இந்த நிலையில் கரண்டைத் தொடர முடியாது, ஆனால் நடுவில் அதிக நாள் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும், இதுவரை பட்ட பாடு வீண், ஆகவே ஈரல் எண் சீக்கிரம் இறங்க வேண்டும் என்றார். அதிகம் போனால் இரண்டு வாரம்.

வேறு மருந்து, மூலிகை ஏதாவது எடுக்கிறாரா என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. “அடுத்த வீட்டுச் சீனப் பெண் தினமும் ஒரு கஷாயம் கொடுக்கிறாள்” என்றேன். டாக்டர் பேனாவை எடுத்துக் கோப்பில் எழுதினார். சீன மூலிகைக் கஷாயம், அண்டை வீட்டார், மூன்று வாரமாக. எழுத்தைத் தலைகீழாகப் படிக்க எனக்குத் தெரியும், முப்பத்தோரு வருடப் பழக்கம்.

பிளாஸ்க்கில் வந்ததை நான் ஊற்றிவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் அங்கே போய்க் குடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, உறுதியாகத் தெரியும்.

ஜூலை 26, வெள்ளி

பார்வையாளர் நேரத்தில் ஆ லான் வந்தாள். வார்டு வாசலில் அவள் தலை தெரிந்தது. கையில் பிளாஸ்க். ஃபெர்ரி ஏறி, பஸ் மாறி வந்திருப்பாள், முழங்கால் வலிக்காரி. மிஸ்ஸி கோப்பைப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ சொன்னாள். ஆ லான் பிளாஸ்க்கைப் பையில் போட்டுக்கொண்டு, கையில் ஒன்றுமில்லை என்று காட்டுவது போல விரித்தாள். மிஸ்ஸி கூடாது என்று தலையாட்டினாள். ஆ லான் கழுத்தை நீட்டி எங்கள் கட்டிலைத் தேடினாள்.

நான் எழுந்து போகவில்லை. தலையணை உறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

அவர் விழித்ததும் எழுதினார்: “ஆ லான் வந்துச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூலை 28, ஞாயிறு

நானூற்று அறுபது. ஏறிவிட்டது.

வார்டுக்கு வந்து ஐந்து நாள். அந்தக் கஷாயம் ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லை. பிறகும் ஏறுகிறது. இங்கிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் எங்கள் தாமான். அவ்வளவு தூரத்திலிருந்து ஒருத்தி என்ன செய்துவிட முடியும்? ஆனால் ஒன்று கவனித்தேன். அவரைச் சேர்த்த நாளிலிருந்து எங்கள் வாசலில் சக்கை இல்லை. காரியம் முடிந்துவிட்டது, ஆகவே நிறுத்திவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

வார்டில் வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரக் கூடாதாம். லேகியத்தைச் சின்ன டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். திரையை இழுத்துவிட்டு மூன்று வேளையும் ஒவ்வொரு கரண்டி. அதுவாவது உள்ளே போகிறதே என்று ஓர் ஆறுதல். இன்று வேண்டாம் என்பது போல உதட்டை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் கொடுப்பது போலக் கன்னத்தைப் பிடித்து ஊட்டினேன்.

பொறுக்க முடியவில்லை. மருந்துப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாளாம். ஒன்பது உறைகளையும் அவளிடம் கொடுத்து உண்மையை வெளியே கொண்டுவரப் போகிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மருந்தாளுநர் பெயர் தர்மினி. முப்பது வயது இருக்கும். கட்டிலருகே வந்து உட்கார்ந்து ஒன்பது உறைகளையும் வரிசையாகப் பிரித்தாள். நான் எழுதிய தேதிகளைப் பார்த்து, “இவ்வளோ ஒழுங்கா யாரும் கொண்டாந்து குடுத்ததில்லம்மா” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வேர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“இதுல பெரும்பாலும் எனக்குத் தெரிஞ்சதுதான். சீன மருந்துக் கடையில சாதாரணமா விக்கிறது. கரண்டு வெக்கிறவங்களுக்குப் புண்ணு வராம இருக்க, ரத்தம் கொறையாம இருக்கன்னு குடுப்பாங்க. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, கொஞ்சம் மனுசங்களுக்கும். நல்லதுன்னு சில பேரு எழுதியிருக்காங்க, ஆனா உறுதியாச் சொல்ற அளவுக்கு இல்ல. அதோட நல்ல சதையக் காப்பாத்துறது கட்டியையும் சேத்துக் காப்பாத்தாதுன்னு யாரு சொல்றது? அதான் நாங்க வேணாங்கிறோம். ஆனா இத மட்டும் குடிச்சா ஈரல் இப்படி ஏறும்னு எனக்குத் தோணல. எவ்வளோ குடிச்சாரு?”

நான் கட்டில் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.

அவர் பலகையை எடுத்தார். நிதானமாக எழுதித் தர்மினி பக்கம் திருப்பினார். “ஒரு வாய்கூட இல்ல. வீட்டுக்காரி செம்பருத்திக்கு ஊத்திட்டா. சன்னல்ல பாத்தேன்.”

தர்மினி என்னைப் பார்த்தாள். நான் உறைகளைப் பார்த்தேன்.

“சரிம்மா,” என்றாள். “அப்ப வேற எதோ ஒண்ணு. காலையில எழும்புறதுல இருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாதீங்க. வார்டுக்கு வந்த பெறகும் ஏறுதுன்னா இங்கயும் உள்ள போயிருக்கணும்.”

சொன்னேன். நான் எதையும் விடுகிறவள் இல்லையே. ஐந்தரைக்கு எழும்புவோம், பல் விளக்குவார், சாமி விளக்கு ஏத்துவேன், லேகியம் குடுப்பேன், அப்பறம் கஞ்சி…

பேனா நின்றது. “லேகியமா?”

“அது மருந்தில்லம்மா,” என்றேன். “நம்ம லேகியம்.”

“எங்க வாங்கினது?”

“எங்கண்ணன் ஊர்ல இருந்து கொண்டாந்தது.”

“புட்டியில பேரு, என்னென்ன போட்டிருக்குன்னு இருக்கா?”

“ஊறுகா புட்டிம்மா. அதுல என்னா பேரு இருக்கும்.”

“இப்ப எங்க இருக்கு?”

கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். ஒன்பது உறைகளுக்குப் பக்கத்தில் அது கருப்பாக, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உறைகளில் தேதி இருந்தது, நேரம் இருந்தது, இடம் இருந்தது. டப்பாவில் ஒன்றுமில்லை.

எத்தனை வேளை என்று கேட்டாள். மூன்று என்றேன். எத்தனை மாதம் என்று கேட்டாள். ஏப்ரலிலிருந்து என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. சோதனைக்கு அனுப்புறேன். ஆனா இன்னையில இருந்து இது வேணாம். ஈரலே பதில் சொல்லும்” என்று சொல்லிவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூலை 31, புதன்

கன்னத்தைப் பிடித்து ஊட்டினேனே.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இருநூற்றெழுபது. இறங்குகிறது. மூன்று நாள், டப்பா இல்லாத மூன்று நாள்.

டாக்டர் அஸ்லினா சிரித்த முகத்தோடு வந்தார். நான் கோப்பைக் காட்டச் சொன்னேன். சீன மூலிகைக் கஷாயம் என்று எழுதியிருக்கும் இடத்தைத் திருத்துங்கள் என்றேன். அடித்துவிடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். கூடாது என்றேன். கோப்பில் ஏறியதை அடிக்கக் கூடாது, கீழே திருத்தம் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதினார்: அண்டை வீட்டார் கொடுத்த கஷாயத்தை நோயாளி அருந்தவில்லை. நோயாளியின் மனைவி, இன்னதென்று தெரியாத ஒரு லேகியத்தை நாள்தோறும் கொடுத்திருக்கிறார். முன்பு தவறான தகவல் தந்ததும் மனைவியே. அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் வைத்தேன். நோயாளியின் மனைவி கையெழுத்து தேவையில்லை என்றார். எனக்குத் தேவைப்பட்டது.

அண்ணனுக்குப் போன் செய்து அந்த இரண்டாவது புட்டியை யாருக்கும் கொடுக்காதே என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆ லான் வீட்டுக்குப் போனேன். நான்கு வருடத்தில் முதல் முறை. பால் ஊற்றாமல் தே ஓ போட்டுக் கொடுத்தாள். நான் கோப்பைக்குள் எதையும் பார்க்காமல் குடித்தேன், அதை அவள் கவனித்தாளா தெரியவில்லை.

எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், “ஏன் எங்க வாசல்ல சக்கையக் கொட்டுன?” என்று கேட்டுவிட்டேன். மன்னிப்புக் கேட்கப் போனவள் விசாரணையில் இறங்கிவிட்டேன். என் புத்தி அப்படி.

அவள் ஆச்சரியப்பட்டாள். “நீங்கதான் தெனமும் கூட்டுனீங்களா அண்ணி? நான் நாயி இழுத்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன். நோயாளிக்குக் காச்சுன சக்கைய அவங்க வாசலுக்கு எதுக்க ரோட்டுலதான் போடணும். எங்க ஆளுங்க பழக்கம். போற வர்றவங்க மிதிக்க மிதிக்க நோயி வீட்ட விட்டுப் போயிரும்.”

“மிதிக்கிறவங்களுக்கு ஒட்டிக்காதா?”

“ஒண்ணும் ஆவாது. மிதிபட்டு மிதிபட்டு அதுதான் செத்துப் போவும்.”

நான் ஒரு நாளும் யாரையும் மிதிக்க விடவில்லை. விடியும் முன்னே அள்ளி உறையில் போட்டுப் பத்திரமாக வீட்டுக்குள் வைத்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் அவள் பெயரை இழுத்தது, அவள் வார்டு வாசலில் நின்றபோது நான் தலையணை உறையைப் பிடித்துக்கொண்டிருந்தது, லேகியம், எல்லாம். பிளாஸ்க்கை ஊற்றியதைச் சொல்ல வாயெடுத்தபோது, “அது தெரியும் அண்ணி” என்றாள். “நீங்க குடுக்குற பிளாஸ்க்கு ரொம்பச் சுத்தமா இருக்கும். குடிச்ச பிளாஸ்க்கு அப்படி இருக்காது. அதோட ஒங்க செம்பருத்தி மூட்டுல பேரீச்சங்கொட்ட கெடந்துச்சி.”

“தெரிஞ்சுமா கொண்டாந்த?”

“ஒரு நாளைக்காச்சும் குடுப்பீங்கன்னுதான்.” கோப்பையை விளிம்போடு திருப்பிக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டு ஆளுக்குக் கரண்டு வெச்சப்ப எங்களுக்கு வண்டி கெடையாது. அண்ணன்தான் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிக் கூட்டிக்கிட்டு வந்தாரு. முப்பத்தஞ்சு நாளும். லாரியில அவரு வாந்தி எடுப்பாரு, அண்ணன்தான் கழுவுவாரு. ஒங்களுக்குச் சொல்லலியா?”

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

“இனிமே காச்சாத ஆ லான்,” என்றேன். “கரண்டு முடியிற வரைக்கும் எதுவும் வேணாமாம். என்னுதும் வேணாம், ஒன்னுதும் வேணாம். முடிஞ்ச பெறகு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கிட்டுப் பாப்போம்.”

“சரி அண்ணி. அப்ப நாளையில இருந்து கஞ்சிய நான் காச்சுறேன். அரிசியும் தண்ணியும்தான். வேணும்னா பக்கத்துல நின்னு பாருங்க.”

பார்க்க மாட்டேன் என்றேன். நம்பவில்லை அவள். சிரித்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நூற்று முப்பது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து மறுபடி கரண்டு. விட்டுப்போனதைச் சரிக்கட்டச் சில நாள் இரண்டு வேளை வைப்பார்களாம். நேரம் கடந்துவிட்டதா என்று கேட்டேன். கடந்துவிடவில்லை என்றுதான் நம்புகிறோம் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரை நான் குடையவில்லை.

தர்மினி ஒன்பது உறைகளையும் ரப்பர் போட்டுக் கட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பதினெட்டாவது இன்று. ஐந்தரைக்கு எழுந்தேன். விளக்கேற்றினேன். அதற்குப் பிறகு கை தானாக அலமாரிப் பக்கம் போனது. அங்கே புட்டி இருந்த இடத்தில் ஒரு கருப்பு வட்டம் மட்டும் இருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன்.

பிறகு உறைகளை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். எண் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாகப் பிரித்து, அவள் கொட்டிய அதே இடத்தில் கொட்டினேன். வேர்கள் காய்ந்து எலும்பு போலச் சலசலத்தன. செருப்பைக் கழற்றிவிட்டு மிதிக்கக் காலைத் தூக்கினேன்.

“ஐயோ அண்ணி! மிதிக்காதீங்க!” ஆ லான் கஞ்சிப் பிளாஸ்க்கோடு அவள் கேட்டிலிருந்து ஓடி வந்தாள். “வீட்டு ஆளு மிதிச்சா நோயி திரும்ப வீட்டுக்கே வந்துரும். வேத்து ஆளுங்கதான் மிதிக்கணும். தள்ளுங்க, நான் மிதிக்கிறேன்.”

பிளாஸ்க்கை என் கையில் திணித்துவிட்டு, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரப்பர் செருப்புக் காலை எடுத்து வைக்கப் போனாள். நான் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தேன். முழங்கால் வலிக்காரி, விழப் பார்த்தாள்.

“நீயும் மிதிக்காத,” என்றேன்.

“நான் மிதிச்சா என்னா அண்ணி?”

“நீ மிதிக்காதன்னா மிதிக்காத.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைலியை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். அவர் கேட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையில் ஏதோ எழுதி எங்கள் பக்கம் தூக்கிக் காட்டினார். “ஃபெர்ரி.”

“இருங்க,” என்றேன். “யாராச்சும் வரட்டும்.”

ஒரு பூனை வந்து முகர்ந்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனது. ஆறே முக்காலுக்கு ரொட்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே மோட்டார் சைக்கிளில் வந்தார். முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரம் ஏறியது. எங்களைப் பார்த்து நிறுத்தி, என்ன வேண்டும் என்று கேட்டார். பசியாற இரண்டு ரொட்டி வாங்கினோம். பிறகு மூன்று பேரும் ஃபெர்ரிக்குக் கிளம்பினோம்.